பர்னரை முதலில் கட்டச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,



கோவையில் மோட்டார் கட்டுப்பாட்டு போர்டுகள் வடிவமைக்கும் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறேன். உங்களிடம் படித்து முடித்து வரும் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும்போது நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எல்லாரிடமும் கேட்பது ஒரே கேள்விதான். கணினியில் பொத்தானை அமுக்கியதிலிருந்து போர்டில் எல்இடி எரிவது வரை இடையில் என்ன நடக்கிறது? 8051இன் டைமர் மோடுகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். “கோடு டம்ப் ஆகும் சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடைப்பகுதியை அவர்கள் கண்ணில் நாம் காட்டியதே இல்லை. ட்ரெய்னர் கிட்டில் ஹெக்ஸ் விசைகளைத் தட்டி ஆப்கோடு ஏற்றுகிறார்கள். பிறகு கீல் மென்பொருளில் சி எழுதுகிறார்கள். அதன் இலவசப் பதிப்பு 2 கிலோபைட்டுக்கு மேல் விடாது. கையில் இருக்கும் 8051 வகை ஏடி89எஸ்52 சில்லிலோ 8 கிலோபைட் இடம் இருக்கிறது. கடைசியில் ஹெக்ஸ் கோப்பு உருவானதும் அலமாரியைத் திறந்து, அதைச் சில்லில் எழுதும் பர்னரை எடுத்துத் தருகிறார் லேப் அசிஸ்டென்ட். கல்லூரிக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது மக்கர் செய்தால் அன்றைய வகுப்பு முடிந்தது. இறுதியாண்டில் இதே பிள்ளைகள் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, ஏற்கெனவே எழுதி முடித்த சில்லை வாங்கி வருவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

என் கோரிக்கை இதுதான். மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகத்தின் முதல் பயிற்சியாக அந்தப் பர்னரையே மாணவர்களைக் கட்டச் சொல்லுங்கள். சர்க்யூட், சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர், கணினிப் பக்கத்து மென்பொருள் மூன்றும் அவர்கள் கையால் எழுதியதாக இருக்கட்டும். மூன்றையும் எவரும் எடுத்துத் திருத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிடட்டும்.

“ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமானை ஏன் கட்ட வேண்டும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே அதிகம் விற்பது யுஎஸ்பி-ஏஎஸ்பி என்ற பர்னர். ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்து, சர்க்யூட்டையும் ஃபர்ம்வேரையும் திறந்த உரிமத்தில் கொடுத்தது. அதில் இருப்பது ஒரு ஏடிமெகா சில்லும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பாகங்களும்தான். அந்தச் சில்லில் யுஎஸ்பி வன்பொருளே கிடையாது. ஆஸ்திரியாவின் அப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் நிறுவனம் எழுதிய வி-யுஎஸ்பி என்ற நிரல்தான் சாதாரண கால்களை வைத்தே யுஎஸ்பி பேச வைக்கிறது. எவரோ இரண்டு பேர் தங்கள் வேலையைப் பூட்டி வைக்காததால்தான் நமக்கு அவ்வளவு மலிவில் கிடைக்கிறது. நகல் எடுத்தவர்கள் பலகையை எடுத்தார்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க மறந்தார்கள். அதனால்தான் எஸ்சிகே என்ற எழுதும் கடிகாரத்தின் வேகத்தை மாற்ற முடியவில்லை, ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்று ஏவிஆர்டியூட் மென்பொருள் ஓயாமல் எச்சரிக்கிறது.

அந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் எல்லாரும் தாண்டிப் போய்விடுவோம். புது ஏடிமெகா8 சில்லு ஒன்றை வைக்கும் நாளில்தான் அது கடிக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தச் சில்லு உள்ளே 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எழுதும் கடிகாரம் அதில் கால்பங்குக்கும் கீழே இருக்க வேண்டும் என்று டேட்டாஷீட் சொல்கிறது, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள். பழைய ஃபர்ம்வேர் உள்ள பர்னர் அதைவிட வேகமாகத் தட்டுகிறது, சில்லு பதில் சொல்வதில்லை. “சிப் போச்சு” என்று குப்பையில் போடுகிறோம். பர்னரைத் தானே கட்டிய பிள்ளை கடிகாரத்தைக் குறைத்துப் பார்க்கும்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் அலமாரியில் ஏற்கெனவே கிடக்கும் ஏடி89எஸ்52இலிருந்தே தொடங்கலாம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் மர்மம் எதுவும் இல்லை என்பதைக் காட்டத்தான் இந்த மடலே.

ஒரு ஆர்டுயினோ நானோ, ஒரு பிரெட்போர்டு, 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், கொஞ்சம் வயர். சில்லின் 6, 7, 8ஆம் கால்கள், அதாவது பி1.5, பி1.6, பி1.7 ஆகியவைதான் எழுதும் வழி. ஒன்று உள்ளே போகும் தரவு, ஒன்று வெளியே வரும் தரவு, ஒன்று கடிகாரம். 9ஆம் கால் ரீசெட். அதை உயர்நிலையில் பிடித்து வைத்துக்கொண்டு குறைந்தது 10 மில்லிசெகண்ட் காத்திருந்து நான்கு பைட் அனுப்ப வேண்டும். முதல் இரண்டும் ஹெக்ஸில் ஏசி, 53. அடுத்த இரண்டு என்னவாக இருந்தாலும் சரி. நான்காவது பைட் உள்ளே போகும் அதே நேரத்தில் சில்லிலிருந்து 69 என்று பதில் வரும். அந்த 69 கணினித் திரையில் தெரியும் கணத்தில் மாணவர் முகத்தைப் பாருங்கள். எல்இடி மினுக்கும் பயிற்சியில் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

அதன்பின் எல்லாமே நான்கு நான்கு பைட்தான். அடையாளம் கேட்டால் 1ஈ, 52, 06 என்று மூன்று பைட்டில் தன் பெயரைச் சொல்லும். ஏசி, 80 என்று தொடங்கும் கட்டளை சில்லை முழுதாக அழிக்கும். 40 என்று தொடங்கினால் ஒரு முகவரியில் ஒரு பைட் எழுதும், 20 என்று தொடங்கினால் படித்துக் காட்டும். இவ்வளவும் டேட்டாஷீட்டின் ஒரு அட்டவணைக்குள் அடங்கிவிடுகிறது. கடிகாரம் கிரிஸ்டல் வேகத்தில் பதினாறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற ஒரு வரியும் அதே டேட்டாஷீட்டில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஏடிமெகா கதையைப் படித்தவர்கள் அந்த வரியைத் தவறவிட மாட்டார்கள்.

ஏடிமெகா முதலிய ஏவிஆர் சில்லுகளும் இதே ஏசி, 53இல்தான் கதவைத் திறக்கின்றன. ஆனால் அவற்றின் ரீசெட் தாழ்நிலையில் பிடிக்க வேண்டியது. பதிலும் மூன்றாவது பைட்டில் 53 என்று எதிரொலியாக வருகிறது. ஏவிஆருக்கு மட்டும் எழுதிய பர்னர் நிரலை அப்படியே 8051க்குப் போட்டால் ஏன் வேலை செய்யாது என்பதை இந்த இரண்டு வித்தியாசமே சொல்லிவிடும். அதைத் திருத்தும் வேலையை நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத் திணறலைப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பது பாவம்.

கணினிப் பக்கம் இன்னும் எளிது. ஹெக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டுங்கள். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். எத்தனை பைட், எந்த முகவரி, எந்த வகை, பிறகு தரவு, கடைசியில் சரிபார்ப்பு பைட். வரியில் உள்ள எல்லா பைட்டையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் பூஜ்யமாக வர வேண்டும். பைத்தானில் இருபது, முப்பது வரியில் இதைப் பிரித்து சீரியல் போர்ட் வழியாக நானோவுக்கு அனுப்பிவிடலாம். கம்பைலருக்குக் கீல் வேண்டாம். சந்தீப் தத்தா தொடங்கி வைத்த எஸ்டிசிசி என்ற திறந்த மூலக் கம்பைலர் 8051க்கு நன்றாகவே வேலை செய்கிறது. அளவு வரம்பும் இல்லை, லினக்ஸிலும் ஓடும்.

வழியில் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். முதலில், பி1 போர்ட்டில் பழக்கதோஷத்தில் எல்இடிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தச் சுமையில் எழுதும் வயர்களின் மின்னழுத்தம் இறங்கி, ஒரு முறை 69 வரும், மறுமுறை குப்பை வரும். அடுத்தது, எழுதியது சரி என்று திரும்பப் படித்தும் உறுதி செய்திருப்பார்கள், ஆனால் நிரல் ஓடாது. 31ஆம் காலை 5 வோல்ட்டில் இணைக்காமல் விட்டிருப்பார்கள். அது தாழ்நிலையில் இருந்தால் சில்லு தன் உள்ளே இருக்கும் நிரலை விட்டுவிட்டு வெளியே இல்லாத நினைவகத்தில் தேடிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் இந்த இஏ கால் பற்றிப் படித்து இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதியவர்கள்தான் எல்லாரும்.

இதுவரை சொன்னவை தயாரிப்பாளரே வழியைத் திறந்து எழுதி வைத்த சில்லுகள். எல்லாரும் அப்படி இல்லை. தைவானின் படாக் நிறுவனத்துக் கதையை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிஎம்எஸ்150சி என்பது அந்த நிறுவனத்தின் சில்லு. 1024 சொல் நிரல் இடம், 64 பைட் நினைவகம். ஆஸ்திரேலியாவின் டேவ் ஜோன்ஸ் 2018இல் வெளியிட்ட காணொளியால் ‘மூன்று சென்ட் மைக்ரோகன்ட்ரோலர்’ என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அன்றைய மாற்று விலையில் இரண்டு ரூபாய்தான். விலை அப்படி, கதவு வேறு மாதிரி. அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் எழுதி, அவர்களுடைய மென்பொருளில் மாற்றி, அவர்களுடைய ரைட்டர் கருவியில்தான் ஏற்ற வேண்டும். டேட்டாஷீட்டில் கட்டளைகளின் பெயர்கள் இருந்தன, அவற்றின் பிட் வடிவம் இல்லை. எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து லாஜிக் அனலைசரை அந்த ரைட்டரின் கால்களில் மாட்டி, எந்த வோல்ட்டேஜ் எப்போது ஏறுகிறது, எந்த பிட் எப்போது போகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அதிலிருந்து ஃப்ரீ-பிடிகே என்ற திட்டமும் ஈஸி பிடிகே என்ற திறந்த பர்னரும் பிறந்தன. மூளையாக ஒரு எஸ்டிஎம்32எஃப்072 சில்லு. யுஎஸ்பியின் 5 வோல்ட்டை உயர்த்தி, அந்தச் சில்லில் உள்ள இரண்டு டிஏசிக்களின் வழியாக இயக்க வோல்ட்டேஜையும் எழுத வேண்டிய அதிக வோல்ட்டேஜையும் நிரலாலேயே வைக்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் வெவ்வேறு வோல்ட்டேஜ் கேட்கும் குடும்பத்துக்கு இது சரியான தீர்வு. 2019 முதல் எஸ்டிசிசியும் இந்தக் குடும்பத்துக்கு மொழிபெயர்க்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறொன்று. இந்தச் சில்லின் உள் கடிகாரம் தொழிற்சாலையில் திருத்தப்படாமலே வெளியே வருகிறது. மூன்று சென்ட்டில் அதற்கு எங்கே நேரம்! திருத்த வேண்டியது பர்னரின் வேலை. ஈஸி பிடிகே என்ன செய்கிறது தெரியுமா? நிரலோடு ஒரு சின்ன அளவீட்டுத் துண்டையும் சேர்த்து எழுதி, சில்லை ஓடவிட்டு, அதிர்வெண்ணை அளந்து, சரியான திருத்த மதிப்பைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டு இருந்த இடத்தில் அதை எழுதிவிடுகிறது. பர்னர் என்றால் பைட்டைத் தள்ளும் குழாய் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது நல்ல பாடம். சில்லின் உற்பத்தியில் மிச்சமிருந்த கடைசி வேலை பர்னரின் மேசையில் நடக்கிறது.

ஆய்வகத்துக்கு பிஎம்எஸ்150சி வேண்டாம். அது ஒருமுறைதான் எழுத முடிகிற ரகம். நிரலில் ஒரு சின்னப் பிழை இருந்தால் சில்லு போயிற்று. அதே குடும்பத்தில் பிஎஃப்எஸ்154 என்று அழித்து எழுதக்கூடியது இருக்கிறது. ஆனாலும் இந்தக் குடும்பம் 8051 பர்னருக்கு அடுத்த கட்டத்துக்கு ஏற்றதல்ல என்பது என் எண்ணம், அதிக வோல்ட்டேஜ் சர்க்யூட்டிலேயே பிள்ளைகளின் நேரம் போய்விடும். சொல்ல வேண்டிய கதை, கட்ட வேண்டிய கருவி அல்ல.

கட்ட வேண்டியது சிஎச்32வி003க்கான பர்னர். சீனாவின் நான்ஜிங் நகரத்து டபிள்யூசிஎச் நிறுவனத்துடையது. உங்கள் நானோ நகல்களில் யுஎஸ்பிக்காக இருக்கும் சிஎச்340ஐத் தயாரிப்பதும் இவர்கள்தான், எனவே அறிமுகமான வீடுதான். 32 பிட் ரிஸ்க்-வி செயலி, 48 மெகாஹெர்ட்ஸ், 16 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் நினைவகம். 10 அமெரிக்க சென்ட் சில்லு என்றே பெயர் வாங்கியது. 5 வோல்ட்டிலும் ஓடுவதால் நானோவோடு நேராகப் பேசலாம்.

இதற்கு எழுதும் வயர் ஒன்றே ஒன்று, பிடி1 கால். அந்த ஒற்றை வயரில் குறுகிய தாழ்துடிப்பு என்றால் 1, நீண்டது என்றால் 0. குறுகியது சில நூறு நானோசெகண்ட்தான். 16 மெகாஹெர்ட்ஸ் நானோவில் ஒரு கட்டளைக்குக் குறைந்தது 62.5 நானோசெகண்ட் ஆகும் என்று கணக்குப் போட்டால், டிஜிட்டல்ரைட் என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது, அசெம்பிளியில் இறங்கியாக வேண்டும் என்று தானாகப் புரியும். அசெம்பிளி எதற்கு சார் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

வயரின் மறுமுனையில் இருப்பது ரிஸ்க்-வி டீபக் மாட்யூல். 7 பிட் முகவரி, படிக்கவா எழுதவா என்று ஒரு பிட், 32 பிட் தரவு. 10 என்ற ஹெக்ஸ் முகவரியில் எழுதி செயலியை நிறுத்தலாம். ஃபிளாஷில் எழுத நேர்வழி இல்லை. தரவுப் பதிவேட்டில் மதிப்பை வைத்து, ஓரிரு கட்டளையை புரோகிராம் பஃபரில் வைத்து, செயலியைக் கொண்டே அதைச் செய்ய வைக்க வேண்டும். ஃபிளாஷின் பூட்டைத் திறக்கும் இரண்டு சாவி எண்கள் எஸ்டிஎம்32இல் இருப்பவையேதான், 45670123இல் தொடங்குவது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று வகுப்பில் ஒரு நல்ல விவாதம் நடத்தலாம். சார்லஸ் லோர் சிஎச்32வி003-ஃபன் என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தில் இதற்கான திறந்த மென்பொருள் முழுவதும் இருக்கிறது. ஆர்டுயினோவைப் பர்னராக்கும் வழியும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இங்கே கற்பது இந்தச் சில்லோடு முடிவதில்லை. டீபக் மாட்யூல் ரிஸ்க்-வி பொது விதிமுறையின் பகுதி. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலியும் ரிஸ்க்-வி வழியில் வந்ததுதான். பத்து ரூபாய்ச் சில்லில் செயலியை நிறுத்திப் பழகிய கை, அங்கே போனால் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக. சர்க்யூட்டை கைகேடில் வரையச் சொல்லுங்கள், அதற்கு செர்ன் திறந்த வன்பொருள் உரிமம் இருக்கிறது. மென்பொருளுக்கு ஜிபிஎல் போதும். உரிமக் கோப்பு இல்லாமல் இணையத்தில் போட்டால் சட்டப்படி அதை யாரும் தொட முடியாது, நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். நானோவின் சீரியலைவிட்டுச் சொந்த யுஎஸ்பி பர்னராக வளர்த்தால் ஒரு அடையாள எண் வேண்டும். அதற்கு யுஎஸ்பி அமைப்பு கேட்கும் கட்டணம் கல்லூரித் துறைகளுக்குக் கட்டுப்படியாகாது. பிட்-கோட்ஸ் என்ற முயற்சி, திறந்த மூலத் திட்டங்களுக்கு 1209 என்ற நிறுவன எண்ணின் கீழ் இலவசமாக எண் தருகிறது. எழுதும் முறையைத் தமிழில் இரண்டு பக்கம் விளக்கி அதே இடத்தில் வைத்தால், அடுத்த கல்லூரிப் பிள்ளை ஆங்கில டேட்டாஷீட்டைப் பார்த்து மிரளாமல் நுழைவார்.

நேரம் எங்கே என்பதுதான் உங்களின் உண்மையான தடை என்று எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை நீங்கள் வகுக்கவில்லை, தேர்வுக்கு வருபவர் பட்டியலில் உள்ள பயிற்சிகளைத்தான் கேட்பார். 8051 பர்னருக்கு இரண்டு வகுப்பு போதும். சிஎச்32வி003ஐ மினி ப்ராஜெக்டாக வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு வகுப்புக்கு இடம் வேண்டுமென்றால் டிராஃபிக் லைட் பயிற்சியைத் தனியாக நடத்தாதீர்கள். மாணவர் தன் பர்னரில் முதலில் ஏற்றிப் பார்க்கும் நிரலாக அதையே கொடுத்துவிடுங்கள். எல்இடிகளை பி1இல் மட்டும் மாட்ட வேண்டாம், பி2இல் மாட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
போர்டு வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் ஒருவன்,
கோயம்புத்தூர்